நெட்டிலிங்க மரத்தில் வௌவால் குடித்தனம்: குட்டி இருக்கும்போது கிளையை வெட்டலாமா?

பெருமாள்புரம் மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறோம். வீட்டு மதிலை ஒட்டி வரிசையாக நெட்டிலிங்க மரங்கள். அதில் ஒரே ஒரு மரத்தடியில் மட்டும் தினமும் காலையில் குப்பை. பாதி கடித்த கொய்யா, பச்சை இலைத் துணுக்குகள், மென்று துப்பிய சக்கை உருண்டைகள். கார் மேல் மஞ்சள் கறை வேறு. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போவதில்லை.

ராத்திரி டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தால், தழைக்கு உள்ளே ஏழெட்டு வௌவால் நெருக்கியடித்துத் தொங்குகிறது. நான் நினைத்த மாதிரி கறுப்பாக இல்லை, பழுப்பாக நாய்க்குட்டி முகம். ஒன்றின் சிறகுக்குள் இன்னொரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. குட்டிதான், சந்தேகமே இல்லை.

மாமனார், வீட்டில் வௌவால் அடைவது ஆகாது, மரத்தை மொட்டையடித்துவிடு என்கிறார். மரம் வெட்டுகிறவரும் வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டார். எனக்குக் குட்டியைப் பார்த்த பிறகு மனசு ஒப்பவில்லை. இது எவ்வளவு நாள் இங்கே இருக்கும்? குட்டி எப்போது பறக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொக்கிரகுளம் பாலத்தடி

வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்கள். இப்போது ஏழெட்டு என்கிறீர்கள், நாளைக்கு எழுபதாகும். ஞாயிற்றுக்கிழமையே வெட்டிவிடுங்கள் அக்கா. நிபா காலம் இது.

விலங்கியல் வாத்தியார்

தம்பி, அவசரப்படாதீர்கள். எழுபதெல்லாம் ஆகாது, காரணம் கீழே சொல்கிறேன்.

அம்மா, நீங்கள் சொல்வதெல்லாம் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலுக்குப் பொருந்துகிறது. அறிவியல் பெயர் சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ். ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் பகலெல்லாம் கத்திக்கொண்டு தொங்குமே, அந்தப் பெரிய பழந்தின்னி வேறு. இது கைக்குள் அடங்கும், நாற்பது ஐம்பது கிராம்தான் எடை. மறுபடி டார்ச் அடித்தால் காதின் விளிம்பைக் கவனியுங்கள், வெள்ளையாக ஒரு கோடு ஓடும். கருத்த சிறகுச் சவ்வில் விரல் எலும்புகள் மட்டும் வெளிறித் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குக் கழுத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் படர்ந்திருந்தால் அதுதான் ஆண். மற்றவை பெண்களும் குட்டிகளும்.

அது போகிற போக்கில் வந்து தொங்கிய இடமல்ல. அந்த ஆண் கட்டிய வீடு. நெட்டிலிங்கத்தின் கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் அல்லவா? அதற்குள் நுழைந்து, உள்பக்கத்துச் சின்னக் காம்புகளையும் இலைகளையும் பல்லால் கடித்துக் கடித்து நறுக்கித் தள்ளும். வெளித்தழை அப்படியே இருக்கும், உள்ளே பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வெற்றிடம் உண்டாகும். மரத்தடியில் கிடக்கும் பச்சை இலைத் துணுக்குகளில் ஒரு பங்கு இந்த வேலையால் விழுவதுதான். ஒரு ராத்திரியில் முடிகிற காரியமல்ல, வாரக்கணக்கில் நடக்கும். முடிந்த பிறகும் புதுத் தளிர் உள்ளே வளராமல் அவ்வப்போது கடித்து விட்டுக்கொண்டே இருக்கும்.

இதில் நமக்குப் பெருமையான சங்கதி ஒன்று உண்டு. இந்த வௌவால் கூடாரம் கட்டும் முறையை விரிவாகப் பதிவு செய்தது நம் பாளையங்கோட்டையில்தான். தூய யோவான் கல்லூரியின் பாலசிங், ஜான் கோயில்ராஜ், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கன்ஸ் ஆகியோர் சேர்ந்து 1995-இல் வெளியிட்டார்கள். நெட்டிலிங்கத்தையும், போர்டிகோ முகப்பில் திரை மாதிரித் தொங்கவிடும் கர்ட்டன் கொடியையும் இவை எப்படிக் குடைகின்றன என்று அதில் பார்க்கலாம். கட்டுவது ஒரே ஒரு ஆண். வீடு தயாரான பிறகுதான் பெண்கள் வந்து சேரும். இரண்டு மூன்று பெண்களும் இருக்கலாம், பத்தொன்பது வரைக்கும்கூட எண்ணியிருக்கிறார்கள். ஒரு கூடாரத்துக்கு ஒரு ஆண்தான், வேறு ஆணை உள்ளே விடாது. அதனால்தான் எழுபது ஆகாது என்றேன்.

பெருமாள்புரம் மாடிவீடு

சார், ரொம்ப நன்றி. படித்துவிட்டு மாமனாரிடமும் சொன்னேன். "வீடு கட்டின பிறகுதான் பெண் கொடுக்கிறார்களா, நம்ம ஊர் வழக்கம்தான்" என்று சிரித்தார். கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லையே. எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? கழுத்தில் செம்மஞ்சள் உள்ளதைப் பார்த்துவிட்டேன், அது மட்டும் கொஞ்சம் தள்ளித் தொங்குகிறது. அந்த ஆண் குட்டிக்கு இரை கொண்டுவந்து கொடுக்குமா?

விலங்கியல் வாத்தியார்

கொடுக்காது. இந்த இடத்தில் பலரும் கிளி, மைனா குடும்பத்தை நினைத்துக்கொண்டு ஆசைப்படுகிறார்கள். ஆண் காப்பது இடத்தையும், அந்த இடத்துக்கு வரும் பெண்களையும்தான். குட்டியைத் தூக்குவது, சுத்தம் செய்வது, பால் கொடுப்பது எல்லாமே தாய். பெண்களும் ஒன்றும் அந்த ஆணுக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பவை அல்ல, பிடிக்காவிட்டால் வேறு கூடாரத்துக்குப் போய்விடும். புனே பக்கம் மரபணுவைச் சோதித்துப் பார்த்த ஆய்வில், கூடாரத்து ஆண்தான் குட்டிகளில் பலவற்றுக்குத் தகப்பன், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல என்று தெரிந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இந்த வௌவால் வருடத்துக்கு இரண்டு முறை ஈனும், ஒரு முறைக்கு ஒரே குட்டி. நம் பக்கம் முதல் ஈற்று பிப்ரவரி, மார்ச் வாக்கில். இரண்டாவது ஜூன், ஜூலை வாக்கில். ஒரே கூட்டத்துப் பெண்கள் ஏறக்குறைய சேர்ந்தே ஈனும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைசேர்ந்தவை மாசி, பங்குனியில் குட்டி போடும்.

இதற்குப் பிறகு நடப்பதைப் படித்தபோது நானே நம்பச் சிரமப்பட்டேன். குட்டி போட்ட சில நாட்களுக்குள் தாய் மறுபடி சினைப்பட்டுவிடும். ஒரு பக்கம் மடியில் குட்டி பால் குடிக்கிறது, இன்னொரு பக்கம் வயிற்றில் அடுத்தது வளர்கிறது. அந்தக் குட்டிதான் ஜூன், ஜூலையில் பிறப்பது. மழைக்காலத்தில் தொடங்கும் முதல் சினை ஐந்து மாதத்தை ஒட்டி வரும், இரண்டாவதற்கு நாலு மாதம் போதும். இரண்டாவது குட்டி பிறந்த பிறகு அதே வேகத்தில் மறுபடி சேர்வதில்லை. மழைக்காலம் வரைக்கும் தாய்க்கு ஓய்வு.

நீங்கள் பார்த்தது பிப்ரவரி, மார்ச்சில் பிறக்கும் அந்த முதல் ஈற்றுக் குட்டி. பிறக்கும்போதே தாயின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். ஐம்பது கிலோப் பெண் பன்னிரண்டு கிலோக் குழந்தை பெறுவதாக நினைத்துப் பாருங்கள், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை மாதம் வாக்கில் சிறகடிக்கத் தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் ஒழுங்காகப் பறந்துவிடும், பாலும் மறந்துவிடும். ஆக மே நடுப்பகுதி வரை அந்த மரத்தைத் தொடாதீர்கள்.

கொக்கிரகுளம் பாலத்தடி

வாத்தியார் ஐயா, மே நடுவில் வெட்டினால் அடுத்த சினை வயிற்றில் இருக்குமே? ஜூலையில் மறுபடி குட்டி என்கிறீர்கள். அப்போது எந்தக் காலத்தில்தான் வெட்டுவது? வீட்டுக்காரர் வௌவாலிடம் தேதி கேட்டுத்தான் கத்தியைத் தொட வேண்டுமா?

விலங்கியல் வாத்தியார்

நியாயமான கேள்விதான். சினையோடு இருக்கும் தாய்க்குப் பறக்க முடியும். கிளை போனால் வேறு இடம் தேடிக்கொள்ளும், சிரமம்தான், ஆனால் சாகாது. பறக்காத குட்டியோடு இருக்கும்போது வெட்டுவதுதான் கொலை. தாய் தப்பிவிடும், குட்டி கிளையோடு கீழே வரும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் நல்ல மாதம். இரண்டாவது ஈற்றுக் குட்டிகளும் அதற்குள் பறந்திருக்கும், அடுத்த சினை தொடங்கியிருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எப்படியும் மரத்தைக் கவாத்து செய்யத்தான் வேண்டும், காற்றில் முறிந்து மின்கம்பியில் விழாமல் இருக்க. ஒரே நாளில் வரிசை முழுக்க மொட்டையடிக்காமல், கூடாரம் இருக்கிற மரத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

திசையன்விளை பனங்காடு

அண்ணாச்சிமாரே, நடுவில் நுழைகிறேன். எங்கள் அப்பா பனையேறி. நானும் கொஞ்ச காலம் ஏறியிருக்கிறேன். நீங்கள் நெட்டிலிங்கத்தை மட்டும் பேசுகிறீர்கள், எங்கள் பக்கம் வாவல் இருப்பது பனையில்தான்.

காவோலை கழிக்காத பனையில் பட்ட ஓலை எல்லாம் மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டினதுபோல் தொங்கும். அதற்குள் பகல் முழுக்க இருக்கும். மேலே ஏறும்போது ஓலை சலசலத்தாலே பொத்தென்று பறந்து அடுத்த பனைக்குப் போய்விடும். குட்டி பிடித்திருக்கிற தாய் மட்டும் கடைசி வரைக்கும் நகராது. முகத்துக்கு நேரே வந்தாலும் சிறகை மூடிக்கொண்டு அப்படியே இருக்கும். அப்போது அப்பா காவோலையில் கை வைக்க மாட்டார். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கம் கழித்துவிட்டு இறங்குவார். சாமிக்குப் பயந்தா, அது மேலே பாய்ந்து தடுமாறி விழுந்துவிடுவோம் என்று பயந்தா என்று நான் கேட்டதில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

பதநீர் சீசன் தைக்குப் பிறகு தொடங்கி ஆடி வரைக்கும் போகும். உங்கள் வாத்தியார் கணக்குப்படி பார்த்தால் இரண்டு ஈற்றும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அதுதான் எங்களுக்குச் சிக்கல். பாளை சீவுவதற்கு முன்னாலேயே காவோலையைக் கழித்துத்தான் ஆக வேண்டும்.

எனக்கொரு சந்தேகம். குட்டியைத் தூக்கிக்கொண்டே தாய் பறக்குமா? ஒரு தடவை பறக்கும்போது வயிற்றில் ஏதோ ஒட்டிக்கொண்டு இருப்பதுபோல் தெரிந்தது. கையால் பிடித்துக்கொள்ள முடியாதே, கைதானே சிறகு?

விலங்கியல் வாத்தியார்

அருமையான கேள்வி தம்பி. தாய் குட்டியைப் பிடிப்பதில்லை, குட்டிதான் தாயைப் பிடித்துக்கொள்கிறது. வௌவாலுக்கு மடி அக்குளை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். குட்டியின் பால் பற்கள் நம் குழந்தைகளின் பற்கள் மாதிரி நேராக இருக்காது, உள்நோக்கி வளைந்த கொக்கிகள். அதைக் கொண்டு முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு, கால் நகத்தால் தாயின் ரோமத்தைப் பற்றிக்கொள்ளும். இடம் மாறும்போதெல்லாம் அப்படியே பயணம். குட்டி கனத்த பிறகு தாய் அதைக் கூடாரத்திலேயே தொங்கவிட்டுவிட்டு இரைக்குப் போகும், திரும்பி வந்து பால் கொடுக்கும். பல குட்டிகள் ஒன்றாகத் தொங்கினாலும் தன் குட்டியைக் குரலாலும் வாசத்தாலும் கண்டுகொள்ளும். ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே திண்ணையில் இருந்தாலும் அம்மாவுக்குத் தெரியாதா என்ன.

உங்கள் அப்பா செய்தது சரியான காரியம். மறுபக்கம் கழித்து ஓலை ஒன்றிரண்டை விட்டு வைத்தாலே போதும். அல்லது பாளை சீவாத பனையில் காவோலையை விட்டுவைத்தால் அவை அங்கே போய்விடும்.

ஹைகிரவுண்ட் செவிலி

நிபா என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதால் எழுதுகிறேன். பயமுறுத்துவதற்கல்ல, அலட்சியம் செய்யவும் கூடாது.

2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது வைரஸ் இருப்பது தெரிந்தது பெரிய பழந்தின்னி வௌவாலில்தான். அதற்காக மரத்தை வெட்டிக் கூட்டத்தைக் கலைத்தால் நோய் குறையும் என்று யாரும் சொல்லவில்லை. விரட்டப்பட்டு அலையும் வௌவாலுக்கு உடல் நலம் கெடும், அப்போது கிருமி வெளியேறுவது கூடும் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது சாதாரண விஷயங்கள். வௌவால் கடித்த பழத்தை "நல்ல பக்கத்தை நறுக்கித் தின்போம்" என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, முழுதாக ஒதுக்க வேண்டும். மரத்தடியைக் கூட்டும்போது தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

திசையன்விளை அண்ணனுக்கு ஒரு வார்த்தை. வங்கதேசத்தில் ஈச்சம்பனையின் பச்சைச் சாற்றை வௌவால் நக்கி, அதை மனிதர் குடித்து நிபா வந்தது உறுதியான செய்தி. அங்கே இப்போது சீவிய இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடச் சொல்கிறார்கள். நம் பதநீர்க் கலயத்தின் வாயையும் வலையால் மூடிக் கட்டலாம். காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதற்குப் பயமில்லை, பச்சையாகக் குடிப்பதற்குத்தான் சொல்கிறேன்.

திசையன்விளை பனங்காடு

கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவோம் அக்கா. ஆனாலும் வாவல் வந்து வாயை வைக்கத்தான் செய்யும். பாளைக்கு மேல் பன்னாடையைச் சுற்றி மூடிக் கட்டிப் பார்க்கச் சொல்கிறேன். நல்ல யோசனை.

மேலப்பாளையம் கடைத்தெரு

அவசரம். எங்கள் காம்பவுண்டில் இன்று காலை ஒரு குட்டி கீழே கிடக்கிறது. உயிர் இருக்கிறது, கீச்சிடுகிறது. மேலே பார்த்தால் தாயைக் காணோம். பிள்ளைகள் இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுக்கலாமா என்கிறார்கள். என்ன செய்வது?

ஹைகிரவுண்ட் செவிலி

வெறுங்கையால் தொடாதீர்கள். குட்டியானாலும் கடிக்கும், ஏற்கெனவே சொன்ன பல் கொக்கிதான். தடித்த துண்டால் மூடி எடுங்கள். யாரையாவது கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஹைகிரவுண்டில் உண்டு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

விலங்கியல் வாத்தியார்

பசும்பால் வேண்டாம். படுக்க வைத்து வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய் அங்கேயே முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். நாய், பூனை, காக்கை எட்டாத மாதிரி, விழுந்த மரத்திலேயே எட்டுகிற உயரத்தில் சொரசொரப்பான துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். குட்டியை அதில் பற்றிக்கொள்ளும்படி விடுங்கள், தலை கீழாகத்தான் இருக்கும், நிமிர்த்தாதீர்கள். வெயில் நேரே படக் கூடாது. தாய் பகலில் வராது. இருட்டிய பிறகு குட்டி கத்துவதைக் கேட்டு வந்து எடுத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. ஆளெல்லாம் கூடி நின்று வெளிச்சம் அடித்தால் வராது. காலையிலும் அங்கேயே இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் கடைத்தெரு

கோணிச் சாக்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டோம். பற்றிக்கொண்டது. கேட்டை அடைத்துப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டேன். ராத்திரி வாப்பா மாடியில் இருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

களக்காடு வாழைத்தோப்பு

எல்லாரும் வௌவாலுக்கு வளைகாப்பு நடத்துகிறீர்கள். கொய்யா போட்டவன் கஷ்டம் யாருக்குத் தெரியும்? விடிந்தால் மரத்தடியில் பாதிப் பழம். போன வருடம் மரத்துக்கு மீன் வலை போர்த்தினோம். அதில் மாட்டிக்கொண்டு நாலைந்து செத்துத் தொங்கியது. அதைப் பார்த்து வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வலையும் போடாமல் வெட்டவும் கூடாது என்றால் நாங்கள் எதை விற்பது?

விலங்கியல் வாத்தியார்

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நைலான் மீன் வலை தளர்ந்து தொங்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும். கண் சின்னதாக, விரல் நுழையாத வலையை மரத்தின் மேல் போர்த்தாமல், சட்டம் நட்டு இழுத்துக் கட்டினால் பழத்துக்கும் காவல், வௌவாலும் சாகாது. செலவு கூடத்தான். நாலு மரம்தான் என்றால் காய்க்குப் பை கட்டுவது மலிவு, பழ ஈக்கும் அதுவே மருந்து. தோப்பு பெரிதென்றால் அரை முற்றலிலேயே பறித்துவிட வேண்டும். பழுத்த வாசம்தான் அவற்றை அழைப்பது, பச்சைக் காயை அவ்வளவாகத் தொடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் கோயில்களிலும் குளக்கரைகளிலும் இருக்கும் இலுப்பை ராத்திரியில் பூப்பது, அதற்கு மகரந்தம் சேர்ப்பதில் பெரும் பங்கு இந்த வௌவாலுக்கு. ஆல், அத்தி, நாவல் விதைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுவதும் இவைதான். ஆனால் இதைச் சொன்னதால் உங்கள் கொய்யாவுக்கு விலை கிடைத்துவிடாது, அதுவும் தெரியும்.

பெருமாள்புரம் மாடிவீடு

பழமே தின்னும் பிராணி என்றால் இலையை மென்று ஏன் துப்புகிறது? எங்கள் மரத்தடியில் பச்சை உருண்டைகள்தான் பழச்சக்கையைவிட அதிகம். முருங்கைக்கீரை வாசம் மாதிரி வருகிறது.

விலங்கியல் வாத்தியார்

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. அதுவும் குட்டி வளர்ப்போடு சேர்ந்த விஷயம்தான். பழத்தில் சர்க்கரை உண்டு, ஆனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைச்சல். பால் கொடுக்கும் தாய்க்கு அது போதாது. குட்டி பறக்க வேண்டுமானால் சிறகின் விரல் எலும்புகள் முழு வளர்ச்சியை எட்ட வேண்டும், அத்தனை கால்சியமும் பாலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் இலையை வாயில் அடக்கி, நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை மட்டும் விழுங்கிவிட்டு நாரைத் துப்பிவிடும். இலையை முழுதாக விழுங்கினால் வயிறு கனக்கும், பறக்க முடியாது. நீங்கள் பார்க்கிற உருண்டையை (கையுறை போட்டு) பிரித்துப் பாருங்கள், மேலண்ணத்து வரிகள் அப்படியே பதிந்திருக்கும்.

மற்றப் பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றின் குட்டிகள், ஏறக்குறைய தாய் அளவுக்கு எலும்பு வளரும்வரை பால் மறக்காமல் காத்திருப்பதில்லை. எலிக்குட்டி பாதி வளர்ந்ததுமே தானே கொறிக்கப் போய்விடும். வௌவால் குட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அரைச் சிறகால் பறக்க முடியாது. ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி என்று நிற்பதற்கும் இதுதான் பெரிய காரணம்.

கொக்கிரகுளம் பாலத்தடி

இதைச் சட்டத்தில் என்ன சொல்கிறார்கள்? தீங்குயிர்ப் பட்டியலில் இருக்கிறது, அடித்தாலும் கேஸ் இல்லை என்று சின்ன வயதில் கேள்விப்பட்டேன். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று கவண் வைத்துச் சுடுகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

விலங்கியல் வாத்தியார்

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர் அட்டவணையில்தான் வைத்திருந்தார்கள், உண்மை. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய பேச்சு இனி செல்லாது.

பழைய சட்டத்திலும் ஒரு பழந்தின்னிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து முதல் அட்டவணைக்கு உயர்த்தியிருந்தார்கள். சலீம் அலி பெயர் வைத்த வௌவால், மேற்குமலையின் தென்கோடியில் மட்டும் இருப்பது. களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் உண்டு. வாழைத்தோப்பு அண்ணாச்சி வீட்டுக்குப் பின்னால் தெரிகிற மலைதான்.

வௌவால் கறியால் ஆஸ்துமா தீர்ந்ததற்கு ஆதாரம் கிடையாது. தொட்டு, அறுத்து, சமைக்கிற வேலையில் கிருமி ஒட்டுவதற்கு வழி உண்டு.

மேலப்பாளையம் கடைத்தெரு

செய்தி சொல்ல வந்தேன். ஏழரை மணிக்குக் குட்டி விடாமல் கத்தியது. ஒரு பெரிய வௌவால் சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது, உட்காருவதும் போவதுமாக இருந்தது. அப்புறம் சாக்கில் வந்து ஒட்டியது. குட்டி அதன் வயிற்றுக்கு அடியில் நுழைந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. வாப்பா மூச்சு விடாமல் பார்த்தேன் என்கிறார். இரண்டும் சேர்ந்து பறந்து போய்விட்டது. அவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு முதலில் கீழே சரிந்து, மதிலைத் தொடுகிற மாதிரி போய்த்தான் மேலே எழும்பியதாம்.

திசையன்விளை பனங்காடு

நல்ல காரியம் செய்தீர்கள் பாய். அந்தச் சரிவைத்தான் நான் பனையில் பார்த்தது.

வாத்தியாரே, கடைசியாக ஒன்று. பறக்கப் படித்த குட்டிகள் அதே கூட்டத்தில் இருந்துவிடுமா? ஒரே பனையில் வருடாவருடம் அதே அளவு வாவல்தான் இருக்கிறது. பிறந்ததெல்லாம் எங்கே போகிறது?

விலங்கியல் வாத்தியார்

போய்விடும். ஆண், பெண் இரண்டுமே பிறந்த கூடாரத்தில் தங்குவதில்லை. பால் மறந்து கொஞ்ச நாளில் பிரிந்து வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்கின்றன.

பெண் சீக்கிரம் முதிர்ந்துவிடும், ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக்கூடியது. ஆணுக்கு ஒன்றேகால் வருடத்துக்கு மேலாகும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கூடக் கூடாரமோ பெண்களோ கிடைக்காத ஆண்கள் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ பக்கத்து மரங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். தென்னை மட்டைக்கு அடியிலும், காவோலையிலும் ஒற்றையாகப் பார்க்கிறீர்களே, அதில் பலவும் அப்படிப்பட்டவைதான். கழுத்து நிறம் இன்னும் ஏறாமல் வெளிறி இருந்தால் இளசு. நன்றாகச் சிவந்திருந்தால் எங்கேயோ இலை நறுக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி வாக்கில் காவோலை கழிக்கும்போது ஒற்றை வாவல் இருந்தால் தயங்க வேண்டாம் தம்பி. ஓலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள், தானாகப் போய்விடும்.